முன் கியரிலிருந்து நியூட்ரலுக்கு வரும்போது எஞ்சின் ஏன் அணைகிறது?

வாசகர் கடிதம்: ஐயா, நானும் என் மைத்துனரும் சேர்ந்து 19 அடி நீளமுள்ள பழைய விசைப்படகு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம். அதில் கார்புரேட்டர் வைத்த 4.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் மெர்குரூசர் ஆல்ஃபா ஒன் ஸ்டெர்ன்டிரைவும் (படகின் பின்னால் வெளியே நின்று புரொப்பெல்லரைச் சுழற்றும் பகுதி) உள்ளன. சில மாதங்களாக, முன் கியரிலிருந்து நியூட்ரலுக்கு லீவரை இழுக்கும்போதெல்லாம் எஞ்சின் சட்டென்று அணைந்துவிடுகிறது. லீவரும் நாளுக்கு நாள் இறுகி வருகிறது. லீவர் நியூட்ரலில் இருந்தும் படகு முன்னோக்கித் தள்ளிக்கொண்டே போனதும் உண்டு. அணையாமல் இருப்பதற்காக ஐடில் வேகத்தை, அதாவது லீவரை முடுக்காதபோது எஞ்சின் ஓடும் குறைந்த வேகத்தை, கூட்டி வைத்தோம், பலனில்லை. எஞ்சின்மேல் உள்ள ஒரு சிறிய சுவிட்சின் கம்பியைக் கழற்றிவிட்டால் போதும் என்கிறார் நண்பர் ஒருவர். லீவர் பொருத்திய கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்கிறது ஒரு பட்டறை. நாங்கள் எதைச் செய்வது? அதற்குமுன் ஒருமுறை குடும்பத்துடன் சிங்கப்பூரின் கூசு தீவுக்குப் போய்வரலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். இந்தப் பழுது தீரும்வரை படகைத் துறையிலிருந்து எடுக்காதீர்கள். எஞ்சின் அணைவது தொல்லை மட்டுமே. ஆனால் நியூட்ரலில் வைத்த பிறகும் படகு தள்ளிக்கொண்டு போவது ஆபத்து. துறைக்குள் நுழையும்போது அப்படி நேர்ந்தால் உங்கள் முன்னால் இருப்பது இன்னொருவரின் படகாக இருக்கலாம். தீவின் கரையோரத்தில் நேர்ந்தால் நீந்திக்கொண்டிருக்கும் ஒருவராக இருக்கலாம்.

நீங்கள் விவரித்த மூன்று அறிகுறிகளும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. அது எஞ்சினிலிருந்து படகின் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு டிரைவுக்குள் செல்லும் கீழ்க் கியர் கேபிள். பெட்டியை மாற்றுவதற்கு முன் இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. அதைச் சொல்வதற்குமுன் இந்த அமைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. இது புரியாமல்தான் பலரும் தேவையற்ற உதிரிப்பாகங்களுக்குப் பணம் செலவழிக்கிறார்கள்.

நீங்கள் பிடிக்கும் லீவர் ஒன்றே ஆனாலும் அது இரண்டு கேபிள்களை இயக்குகிறது. லீவர் நகரும் தூரத்தின் முதல் பகுதியில் கியர் கேபிள் மட்டும் நகர்ந்து கியர் விழுகிறது. அதைத் தாண்டிய பிறகே திராட்டில் கேபிள் நகர்ந்து கார்புரேட்டரைத் திறக்கிறது. திராட்டில் கேபிள் நேராகக் கார்புரேட்டருக்குப் போய் முடிந்துவிடும். கியரின் பாதையோ இரண்டு துண்டுகளாக அமைந்தது. பெட்டியிலிருந்து வரும் மேல் கேபிள் எஞ்சின்மேல் பொருத்தப்பட்ட கியர் தகட்டில் முடிகிறது. அதே தகட்டிலிருந்து கீழ்க் கேபிள் தொடங்கி, பின்பலகையைக் கடந்து, பெல்லோஸ் எனப்படும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் புகுந்து டிரைவைச் சென்றடைகிறது. மேல் கேபிள் முழுவதும் படகுக்குள் உலர்ந்த இடத்தில் இருக்கிறது. கீழ்க் கேபிளின் கடைசிப் பகுதிக்கும் கடல்நீருக்கும் இடையில் அந்த ரப்பர் உறை ஒன்றுதான் இருக்கிறது. டிரைவ் இடமும் வலமும் திரும்பும்போதும், மேலும் கீழும் சாயும்போதும் கேபிள் ஒவ்வொரு முறையும் வளைகிறது. முதலில் கெடுவது எது என்று இதிலிருந்தே தெரியும்.

இனி நண்பர் சொன்ன சிறிய சுவிட்சுக்கு வருவோம். ஆல்ஃபா வகை டிரைவில் உள்ளது டாக் கிளட்ச். அதாவது, பற்கள் ஒன்றோடொன்று நேரடியாகக் கோத்துக்கொள்ளும் வகை. எஞ்சின் விசையோடு சுழலும்போது அந்தப் பற்கள் ஒன்றையொன்று இறுக அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் தளராமல் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது. இதற்காகவே கியர் தகட்டில் ஒரு துண்டிப்புச் சுவிட்சை வைத்திருக்கிறார்கள். தகட்டில் உள்ள நெம்புகோலின் பள்ளத்தில் சுவிட்சின் சிறிய உருளை அமர்ந்திருக்கும். நீங்கள் லீவரை நியூட்ரலுக்கு இழுக்கும்போது பற்கள் வர மறுப்பதால் கேபிளில் இழுவிசை ஏறுகிறது. அந்த விசையில் நெம்புகோல் சற்றுச் சாய்ந்து உருளையைப் பள்ளத்திலிருந்து வெளியேற்றுகிறது. சுவிட்ச் மூடி எஞ்சினின் இக்னிஷனை, அதாவது தீப்பொறியை, ஒரு கணம் துண்டிக்கிறது. எஞ்சினின் விசை தளர்ந்ததும் பற்கள் விடுபடுகின்றன. கேபிளின் இழுவிசை இறங்கி உருளை பள்ளத்துக்குத் திரும்புகிறது. அணையத் தொடங்கிய எஞ்சின் அணைவதற்குள் மறுபடியும் உயிர்பெறுகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால், நன்றாக இயங்கும் படகில் எஞ்சின் லேசாகத் தடுமாறியது போன்ற உணர்வுக்கு மேல் எதுவும் தெரியாது.

கீழ்க் கேபிளின் உள்கம்பி துருப்பிடித்து அதன் உறைக்குள் உராயத் தொடங்கினால், சுவிட்சால் பல்லின் பிடிக்கும் கேபிளின் உராய்வுக்கும் வேறுபாடு காண முடியாது. உராய்வினாலேயே நெம்புகோல் சாய்ந்துவிடுகிறது. பற்கள் விடுபட்ட பிறகும் உருளை பள்ளத்துக்குத் திரும்புவதில்லை. இக்னிஷன் துண்டிக்கப்பட்டே இருக்க, எஞ்சின் அணைகிறது. உராய்வு மேலும் கூடினால் லீவரின் அசைவு கேபிளின் நெளிவிலேயே கரைந்து, டிரைவுக்கு முழுமையாகப் போய்ச் சேராது. லீவர் நியூட்ரலுக்கு வந்திருக்கும். பற்கள் முன் கியரிலேயே இருக்கும். உங்கள் படகு தள்ளிக்கொண்டு போனதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

ஐடில் வேகத்தைக் கூட்டியது பலன் தராமல் போனது மட்டுமல்ல, பழுதை மோசமாக்கவும் செய்கிறது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். வேகம் கூடக் கூடப் பற்களின் அழுத்தம் கூடுகிறது; விடுபட அதிக விசை தேவைப்படுகிறது; சுவிட்ச் இன்னும் நீண்ட நேரம் துண்டிக்கிறது. கியர் விழும்போது அதிக வேகத்தில் மோதிக்கொள்ளும் பற்களின் முனைகளும் மழுங்குகின்றன. மழுங்கிய பற்கள் பிற்காலத்தில் ஓட்டத்தின் நடுவே கியரை விட்டு நழுவும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் கேபிளோடு முடியாது, டிரைவையே பிரித்தாக வேண்டும். ஆகவே முதல் வேலையாக ஐடில் வேகத்தை உங்கள் எஞ்சினின் கையேடு சொல்லும் அளவுக்குக் குறைத்துவிடுங்கள். இவ்வகைக் கார்புரேட்டர் எஞ்சின்களுக்கு அது பொதுவாக, கியரில் இருக்கும் நிலையில், நிமிடத்துக்கு 650 முதல் 700 சுற்றுகள்.

சுவிட்சின் கம்பியைக் கழற்றி வைக்கும் யோசனையைப் பற்றியும் சொல்லவேண்டும். கழற்றினால் எஞ்சின் அணையாது என்பது உண்மைதான். ஆனால் அழுத்தம் தளராத பற்களை, ஏற்கெனவே நைந்துபோன கேபிளைக் கொண்டு பலவந்தமாக இழுத்துப் பிரிக்கவேண்டியிருக்கும். கேபிள் அறுந்தால் முன் கியரிலேயே சிக்கிக்கொள்வீர்கள். கண்டறிவதற்காகச் சில நிமிடங்கள் கழற்றிப் பார்ப்பது முறை. அதைத் தீர்வாக வைத்துக்கொண்டு கடலுக்குப் போவது எந்த வகையிலும் சரியல்ல.

எஞ்சின் எப்படி அணைகிறது என்பதையும் கவனித்துச் சொல்லியிருக்கிறீர்கள். அது மிகவும் பயன்பட்டது. சாவியைத் திருப்பி நிறுத்தியதுபோல் சட்டென்று அணைந்தால் அது மின்சாரத் துண்டிப்பு. கண் போகவேண்டிய இடம் இந்தச் சுவிட்சும் கேபிளும். மாறாக, கியரில் போட்டதும் தள்ளாடித் தடுமாறி மெதுவாக அடங்கினால் எரிபொருள், கார்புரேட்டர், அல்லது புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்ட கயிறு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். கொட்டலசு (நீருக்குள் இருக்கும் பரப்புகளில் ஒட்டி வளரும், கெட்டியான ஓடுள்ள சிறு கடலுயிர்) அடர்ந்து ஒட்டிய புரொப்பெல்லரும் எஞ்சினை இப்படித் திணறச் செய்யும். நம் கடலில் அது விரைவாகவே ஒட்டிக்கொள்ளும்.

சோதிக்கும் முறைக்கு வருகிறேன். முன்னும் பின்னும் இருபுறமும் படகைத் துறையில் உறுதியாகக் கட்டுங்கள். எஞ்சின் அறையைத் திறந்து பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள்; காற்று வெளியேற்றும் விசிறியைக் குறைந்தது 4 நிமிடங்கள் ஓடவிட்ட பிறகே எஞ்சினை இயக்குங்கள். படகின் பின்புறம் தண்ணீரில் யாரும் இருக்கக்கூடாது. மைத்துனர் ஓட்டுநர் இருக்கையில், அவசர நிறுத்தக் கயிற்றை மாட்டிக்கொண்டு, ஒரு கையைச் சாவியிலேயே வைத்திருக்கட்டும். சுழலும் பெல்ட்டுகளுக்கு அருகே தளர்ந்த சட்டைக் கையோ கழுத்துச் சங்கிலியோ வேண்டாம். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அவரை முன் கியரில் போடச் சொல்லி, நீங்கள் கியர் தகட்டில் உள்ள உருளையை மட்டும் பாருங்கள். கியரில் போடும்போது உருளை பள்ளத்தை விட்டு நகரவே கூடாது. கியரிலிருந்து எடுக்கும்போது மட்டும் ஒரு கணம் வெளியேறித் திரும்பவேண்டும். போடும்போதும் வெளியேறுகிறது, அல்லது எடுத்த பிறகு திரும்பாமல் நிற்கிறது என்றால் கேபிளின் பாதையில் உராய்வு இருக்கிறது என்பது உறுதி.

ஐயம் இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சுவிட்சின் இரு கம்பிகளையும் கழற்றி, அவற்றின் முனைகள் எதிலும் படாதவாறு தனித்தனியே டேப் சுற்றி, அதே சோதனையைக் கட்டிய நிலையிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். இப்போது எஞ்சின் அணையவில்லையென்றால் துண்டித்தது சுவிட்ச்தான் என்பது தெளிவு. அதோடு எஞ்சினை நிறுத்திக் கம்பிகளைத் திரும்ப மாட்டிவிடுங்கள். உருளை பள்ளத்தில் ஒழுங்காக அமர்ந்திருந்தும் இக்னிஷன் துண்டிக்கப்படுகிறது என்றால் சுவிட்சே உள்ளுக்குள் கெட்டிருக்கிறது என்று பொருள்; அப்படியும் நேர்வதுண்டு, அதை மாற்றுவது சிறிய வேலை. நான் சொல்வது உங்களுடையதைப் போன்ற கார்புரேட்டர் எஞ்சின்களுக்குப் பொருந்தும். பிற்கால எஞ்சின்களில் இணைப்பு வேறுபடலாம் என்பதால் அவற்றின் கையேட்டைப் பார்த்தே கம்பியைத் தொடவேண்டும்.

அடுத்ததாக, உராய்வு எந்தத் துண்டில் இருக்கிறது என்று பிரித்தறியவேண்டும். பட்டறையின் மதிப்பீட்டுக்கு முன் நடந்திருக்கவேண்டிய சோதனை இது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கேபிள் முனைகளில் திருகி நகர்த்தும் பித்தளைத் துண்டுகளின் இடத்தைக் கழற்றுவதற்கு முன் பேனாவால் குறித்து, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் திராட்டில் கேபிளைக் கார்புரேட்டரிலிருந்து விடுவித்து, கியரில் வலிந்து தள்ளாமல் லீவரை மெதுவாக அசைத்துப் பாருங்கள். இறுக்கம் அப்படியே இருந்தால் திராட்டில் கேபிள் குற்றமற்றது. பிறகு மேல் கியர் கேபிளைத் தகட்டிலிருந்து விடுவித்து மறுபடியும் அசையுங்கள். லீவர் இப்போது இலகுவாக, ஒவ்வொரு நிலையிலும் தெளிவாக விழுந்து நகர்ந்தால் பெட்டியும் மேல் கேபிளும் நலமாக இருக்கின்றன. புதுப் பெட்டிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. அப்போதும் இறுகியே இருந்தால் மட்டும், பெட்டியைத் திறந்து கேபிளை அங்கும் விடுவித்து, பழுது பெட்டியிலா மேல் கேபிளிலா என்று பாருங்கள். பெட்டியில் உராய்வை அமைக்கும் திருகு ஒன்று உண்டு. முந்தைய உரிமையாளர் அதை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கவும் கூடும். அரிது என்றாலும் பார்த்துவிடுவது நல்லது.

கீழ்க் கேபிளைச் சோதிப்பதற்குப் படகைக் கரையேற்றுவதே சிறந்தது. கீழ்க் கேபிளின் முனையைத் தகட்டிலிருந்து விடுவித்து, உங்களில் ஒருவர் புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுழற்ற, மற்றவர் கேபிளின் முனையை விரல்களால் தள்ளவும் இழுக்கவும் செய்யுங்கள். அது அதிகச் சிரமமின்றி நகர்ந்து, ஒரு முனையில் முன் கியரையும் மறுமுனையில் பின் கியரையும் பிடித்து, நடுவில் புரொப்பெல்லரை இரு திசையிலும் தாராளமாகச் சுழலவிடவேண்டும். கரகரப்பாகவோ, இறுகித் திடீரென்று விடுபடுவதாகவோ இருந்தால் கேபிளின் காலம் முடிந்துவிட்டது. எஞ்சின் ஓடாத நேரத்தில், புரொப்பெல்லரைச் சுழற்றாமல் லீவரைக் கியரில் தள்ளாதீர்கள். பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கும். நீங்கள் கொடுக்கும் விசை முழுவதையும் கேபிள்தான் தாங்கவேண்டியிருக்கும்.

இறுகிய கேபிளுக்குள் எண்ணெய் விட்டுச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே துருவேறிய கம்பிக்கு எண்ணெய் சில நாள் ஆறுதல் தரலாம், துரு குறையாது. உள்ளுறை உப்பிப் பிடித்துக்கொள்வதும் உண்டு. மாற்றுவது ஒன்றே முறை.

இந்த மாற்றத்தை நீங்களே செய்ய முயலவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டிரைவைக் கழற்றவேண்டும், இந்த வகையில் அதற்கு முன் கியரில் வைத்திருக்கவேண்டும், பெல்லோஸை நீர் கசியாமல் பொருத்தவேண்டும், உள்கம்பியைப் பூட்டும் முனையைச் சரியாக முறுக்கவேண்டும். பெல்லோஸில் செய்யும் சிறு பிழையும் படகுக்குள் தண்ணீர் ஏறக் காரணமாகும். ஆனால் பட்டறையில் என்ன கேட்கவேண்டும் என்பதைத் தெரிந்துவைத்திருங்கள். கேபிளோடு கியர் கேபிளின் பெல்லோஸும் கட்டாயம் மாறவேண்டும். கேபிள் கெட்டதற்கே பெரும்பாலும் அந்த ரப்பரின் வெடிப்புதான் காரணம். அதன் வழியாக நீர் படகின் உட்புறம்வரை வர வழி இருப்பதால், துறையில் கட்டிவைத்த படகுகூட மெல்ல மெல்ல மூழ்கலாம். டிரைவ் வெளியே இருக்கும்போதே மற்ற இரண்டு பெல்லோஸ்களையும், யூனிவர்சல் ஜாயிண்ட்டுகளையும், டிரைவின் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கையும், எஞ்சினும் டிரைவும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். டிரைவை இறக்கி ஏற்றும் கூலிதான் இதில் பெரிய செலவு. அதை இருமுறை கொடுக்கவேண்டியதில்லை.

நம் ஊருக்கே உரிய ஒரு காரணத்தையும் இங்கே சொல்லவேண்டும். குளிர்நாடுகளில் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன் படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். அப்போது டிரைவைக் கழற்றிப் பெல்லோஸைப் பார்ப்பது வழக்கமான வேலைகளில் ஒன்றாகிவிடும். சிங்கப்பூரில் அப்படியொரு பருவம் இல்லை. துவாஸிலோ செந்தோசாவிலோ பொங்கோலிலோ கட்டிய படகு, ஆண்டு முழுவதும் 28, 30 பாகை வெப்பமுள்ள உப்புநீரில் மிதந்துகொண்டே இருக்கிறது. பெல்லோஸின் மடிப்புகளுக்குள் கொட்டலசு வளர்ந்து, டிரைவ் திரும்பும் ஒவ்வொரு முறையும் ரப்பரை அறுக்கிறது. பார்க்கவேண்டிய நாளை இயற்கை நமக்கு நினைவூட்டுவதில்லை என்பதால் நாமே குறித்துக்கொள்ளவேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் எப்படியும் கடலுக்குப் போவது குறையும்; ஆண்டுக்கு ஒருமுறை அப்போது கரையேற்றிவிடுங்கள்.

கேபிளை மாற்றிய பிறகு முதலில் கியர், பிறகு திராட்டில் என்ற வரிசையிலேயே அமைக்கவேண்டும். கியர் கேபிளுக்கான அளவைக் கையேடு மில்லிமீட்டர் கணக்கில் தருகிறது, கண்மதிப்பில் விடுவதற்கில்லை. அடுத்து, திராட்டில் கேபிளைக் கார்புரேட்டரிலிருந்து விடுவித்த நிலையில் ஐடில் வேகத்தைத் திருகால் அமைத்துவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். லீவரை நியூட்ரலில் வைத்து, கார்புரேட்டரின் கை தன் நிறுத்தத்தில் லேசான அழுத்தத்தோடு அமரும்படி கேபிளைப் பொருத்துங்கள். அழுத்தம் இல்லையென்றால் ஐடில் வேகம் ஒவ்வொரு முறையும் வேறுபடும். அதிகமானால் லீவர் கனக்கும். பின்னர் லீவரை முழுவதும் முன்னே தள்ளி, கார்புரேட்டரின் வாய் முழுமையாகத் திறக்கிறதா என்று பாருங்கள். இதையும் எஞ்சின் ஓடாதபோது, கரையில், ஒருவர் புரொப்பெல்லரைச் சுழற்றிக்கொடுக்கச் செய்யவேண்டும். முனைகளில் பழைய காட்டர் பின்களை (கழன்றுவிடாமல் பூட்டும், இரு கால்களையும் விரித்து மடிக்கும் ஊசிகளை) திரும்பப் போடாமல் புதியவற்றைப் போடச் சொல்லுங்கள். கியரில் இருக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்சும், அவசர நிறுத்தக் கயிறும் வேலை செய்கின்றனவா என்பதை நீங்களே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

இதே அறிகுறிகளோடு வேறு வகை டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெர்குரூசரின் பிராவோ வகையிலும், வால்வோ பென்டாவின் பெரும்பாலான ஸ்டெர்ன்டிரைவ்களிலும் இருப்பது கூம்பு வடிவக் கிளட்ச். அவற்றுக்குத் துண்டிப்புச் சுவிட்ச் தேவையில்லை. கேபிள்களைப் பிரித்துப் பார்க்கும் முறை அவற்றுக்கும் பொருந்தும். எஞ்சின் அணைவதற்கான காரணத்தை மட்டும் வேறிடத்தில் தேடவேண்டும். கியரில் போட்டும் எஞ்சின் மட்டும் இரைந்து படகு நகரவில்லையென்றால், கேபிளைக் குறை சொல்வதற்குமுன் புரொப்பெல்லரின் நடுவில் உள்ள ரப்பர் பிடிமானம் வழுக்குகிறதா என்று பாருங்கள்.

இருவரும் லீவரைக் கையாளும் விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இறுகிய லீவரோடு பழகியதால் அதை மெல்ல மெல்ல நகர்த்தும் வழக்கம் வந்திருக்கும். டாக் கிளட்ச்சுக்கு அது தீங்கு. எஞ்சின் ஐடில் வேகத்துக்கு இறங்கும்வரை காத்திருந்து, பிறகு தயங்காமல் ஒரே அசைவில் கியரில் போடுங்கள், எடுப்பதும் அப்படியே. மெதுவாக நகர்த்தும்போது கேட்கும் கரகரவென்ற ஒலி, பற்களின் முனைகள் தேயும் ஒலி.

முதல் சோதனை ஓட்டத்தைப் பிள்ளைகள் இல்லாமல், நீங்கள் இருவர் மட்டும், மற்ற படகுகளுக்கு எட்டத்தில், அலையும் நீரோட்டமும் அடங்கிய நேரத்தில் செய்யுங்கள். அங்கே முன், நியூட்ரல், பின், நியூட்ரல் என்று பலமுறை மாற்றி, ஒவ்வொரு முறையும் நியூட்ரலில் படகின் பின்னால் நீர் கலங்காமல் அடங்குகிறதா என்று கவனியுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் அதையே மீண்டும் செய்யுங்கள். குளிர்ந்த எஞ்சினில் மறைந்திருக்கும் குறை சூட்டில் வெளிப்படுவதுண்டு. தெற்குத் தீவுகளுக்கு இடையே நீரோட்டம் வலுவாக இருக்கும் என்பதால், கூசுவின் துறையை நெருங்குவதற்குமுன் திறந்த நீரிலேயே பின் கியரை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே நுழைவதை இனி எல்லாப் பயணங்களிலும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எப்போதாவது லீவருக்குப் படகு பணியவில்லையென்றால், லீவரோடு போராடாமல் உடனே சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துங்கள். நங்கூரம் கையெட்டும் தூரத்தில், கயிறு சிக்கலின்றித் தயாராக இருக்கட்டும்.